புழங்காத காசுக்கும் வடு உண்டு



ரொம்ப நாளாக எழுதவில்லை. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, இப்போதுதான் டாக்டர் போனைப் பார்க்க அனுமதித்திருக்கிறார். வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவரிடம் நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. 1998-இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் இப்போது அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான். நம் பள்ளியில் நான் நடத்திய தபால்தலை, நாணயச் சங்கம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். என் தகர டப்பாவில் இருந்த ஓட்டைக் காலணாவை ஆளுக்கொரு தடவை விரலில் மாட்டிப் பார்ப்பீர்களே, அந்தக் கூட்டத்தில் இவனும் ஒருவன். போன வாரம் வீடியோ காலில் வந்தான். பக்கத்தில் அவன் மகள், ஐந்தாம் வகுப்பு.

"சார், ஒரு சந்தேகம். இங்க பக்கத்துத் தெருவுல ஒரு தாத்தா இறந்துபோயிட்டாரு. வீட்டுச் சாமானை எல்லாம் வித்தாங்க. அதுல இது கிடைச்சுது" என்று ஒரு காகிதச் சுருளைக் காட்டினான். பட்டாசுக் கடையில் சின்ன வெடியைச் சுற்றி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. மேலே பென்சிலால் '50 டி' என்று எழுதியிருந்தது. இரண்டு முனையிலும் காகிதம் உள்பக்கமாக மடங்கியிருக்க, நடுவில் ஒரு காசின் முகம் தெரிந்தது.

"பேங்க்ல சுத்துனது சுத்துனபடி, யார் கையும் படாததுன்னு சொன்னாங்க சார். நானூறு டாலர் குடுத்துட்டேன். பிரிச்சா மதிப்பு போயிடும்னு ஒருத்தர் சொல்றாரு. பிரிச்சாத்தான் தெரியும்னு இன்னொருத்தர் சொல்றாரு. நீங்க சொல்லுங்க, பிரிக்கலாமா வேண்டாமா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு நாள் டைம் கேட்டேன். நாற்பது வருடமாக நான் சேர்த்து வைத்திருக்கும் நாணயப் புத்தகங்களை எல்லாம் புதுக் கண்ணோடு மறுபடி புரட்டினேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தச் சுருள் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் வங்கிகள் சில்லறையைக் காகிதத்தில் சுற்றி எண்ணிக்கை மாறாமல் கொடுப்பது வழக்கம். அதை 'ரோல்' என்பார்கள். ஒரு சென்ட் காசு என்றால் ரோலுக்கு 50. ஐந்து சென்ட் காசு என்றால் 40, அதாவது 2 டாலர். கால் டாலர் காசும் 40, அது 10 டாலர். கடைக்காரர் கல்லாவில் ரோலை உடைத்துக் கொட்டிக்கொள்வார். அவ்வளவுதான் அதன் வேலை. ஐந்து சென்ட் காசை அங்கே 'நிக்கல்' என்கிறார்கள். பேர்தான் நிக்கல், உள்ளே முக்கால் பங்கு செம்பு, கால் பங்குதான் நிக்கல். எடை 5 கிராம்.

1938 முதல் இந்தக் காசின் ஒரு பக்கம் தாமஸ் ஜெபர்சனின் முகம், மறுபக்கம் வர்ஜீனியாவில் அவர் கட்டிய மான்டிசெல்லோ மாளிகை. 1950-ஆம் ஆண்டுக் காசில் மாளிகைக்கு வலப்பக்கம் சின்னதாக 'டி' என்ற எழுத்து இருந்தால் அது டென்வர் நாணயச்சாலையில் அடித்தது. நம் ஊர்க் காசிலும் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. நாணயச் சங்கத்தில் படித்ததை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்!

1950-இல் டென்வரில் அடித்த நிக்கல் மொத்தமே 26,30,030 காசுகள்தான். புழக்கத்துக்காக அடித்த ஜெபர்சன் நிக்கல்களில் இதைவிடக் குறைவான எண்ணிக்கை வேறு எந்த ஆண்டிலும் கிடையாது. இந்தச் செய்தி வெளியே தெரிந்ததும் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் வங்கியிலிருந்து ரோல் ரோலாக, மூட்டை மூட்டையாக வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டார்கள். அதனால் ஒரு வேடிக்கை. இந்தக் காசு கைபட்டுத் தேய்ந்த நிலையில் கிடைப்பதைவிடப் புத்தம்புதிதாகக் கிடைப்பதுதான் இன்றுவரை சுலபம்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரோல் பைத்தியம் பிடித்தது. ஒரு காசை எடுத்துப் பார்த்து, படித்து, ரசித்துச் சேர்ப்பதெல்லாம் போய், பங்குச்சந்தைப் பத்திரம் மாதிரி ரோலை வாங்கி ரோலை விற்றார்கள். பலர் பிரித்துப் பார்க்கவே இல்லை. 2 டாலர் முகமதிப்புள்ள 1950-டி ரோல் 1964-இல் 1,200 டாலர் வரை போனது. பிறகு எல்லாரும் விற்க வந்தார்கள், வாங்க ஆள் இல்லை, விலை சரிந்தது. அறுபது ஆண்டு ஆகியும் அது அந்த உயரத்தை மறுபடி எட்டவில்லை. இதற்கு நடுவில் பணவீக்கம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே சமயம் நாடு முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடும் வந்தது. சேகரிப்பாளர்கள் பதுக்குவதுதான் காரணம் என்று அரசு தரப்பில் குறை சொன்னார்கள். 1964-ஆம் ஆண்டு பொறித்த காசையே 1965-லும் தொடர்ந்து அடித்தார்கள். 1965 முதல் 1967 வரை நாணயச்சாலைக் குறியையே காசிலிருந்து எடுத்துவிட்டார்கள். எந்த ஊர்க் காசு என்று தெரியாவிட்டால் பதுக்க மாட்டார்கள் அல்லவா? 1968-இல்தான் குறி திரும்பி வந்தது. ஒரு சின்ன 'டி' எழுத்துக்கு அரசாங்கமே பயந்த காலம் அது.

இனி முக்கியமான கேள்வி. யார் கையும் படாத காசு என்றால் குறையே இல்லாத காசு என்றுதானே நாம் நினைப்போம்? என் மாணவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். உண்மை அப்படி இல்லை. காசு பிறந்து ரோலுக்குள் போகும் வரை அது படும் பாட்டைக் கேளுங்கள்.

வெற்று உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து எந்திரம் ஒரு போடு போடுகிறது. அந்த ஒரு கணம்தான் காசு முழுச் சுத்தமாக இருக்கும் நேரம். அடுத்த நொடியே அது கீழே தொட்டியில் ஏற்கெனவே கிடக்கும் காசுகளின் மேல் விழுகிறது. அதன் மேல் அடுத்தது விழுகிறது. பிறகு எண்ணும் எந்திரத்தில் ஓடுகிறது. பிறகு துணி மூட்டை. நிக்கல் என்றால் மூட்டைக்கு 4,000 காசு, 200 டாலர். 5 கிராம் வீதம் 20 கிலோ. அந்த மூட்டையை இழுத்து, ஏற்றி, இறக்கி, மத்திய வங்கிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஊர் வங்கிக்குக் கொண்டுபோய், பிரித்துக் கொட்டி, மறுபடி எண்ணி, அதன் பிறகுதான் காகிதத்தில் சுற்றுகிறார்கள். இத்தனையிலும் காசின் விளிம்பு பக்கத்துக் காசின் கன்னத்தில் குத்திக்கொண்டே இருக்கும். அந்த வடுவை 'மூட்டை வடு' என்றே சொல்கிறார்கள். எண்ணும் எந்திரத்தின் ரப்பர் சக்கரம் உரசினால் பட்டையாக ஒரு தேய்ப்பு விழும். ரோலின் முனையை மடிக்கும் எந்திரம் அழுத்தினால் முனைக் காசில் வட்டமாகக் கீறல் விழும். அதாவது, காசைக் காப்பாற்றச் சுற்றிய ரோலே காசைக் கீறுகிறது.

வெள்ளி டாலர்களின் நிலைமை இன்னும் மோசம். 1878-இல் தொடங்கிய மார்கன் டாலர் ஒன்றின் எடை 26.73 கிராம். ஆயிரம் காசு ஒரு மூட்டை. நம் ஊர் 25 கிலோ அரிசி சிப்பத்தைவிடக் கனம். நிக்கல் கலவை கடினமானது, வெள்ளியோ மெத்து. அந்தக் காசுகளில் கோடிக்கணக்கானவை கடைக்கே போகாமல் அரசுப் பெட்டகங்களில் கிடந்தன. 1903-இல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த டாலர் அநேகமாக எல்லாமே உருக்கப்பட்டுவிட்டது என்று நினைத்து, விலைப்பட்டியலில் 1,500 டாலர் போட்டிருந்தார்கள். 1929 முதல் முத்திரை வைத்துப் பூட்டியிருந்த பிலடெல்பியா பெட்டகம் ஒன்றை 1962-இல் திறந்தார்கள். மூட்டை மூட்டையாக அதே காசு! விலை சில மாதங்களில் தலைகுப்புற விழுந்தது. ஆனால் நான் சொல்ல வருவது விலையைப் பற்றி அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் இருட்டில், ஒருவர் கையும் படாமல் கிடந்த அந்தக் காசுகளின் முகத்தில் வடு இருந்தது. கூடவே மூட்டையில் கிடந்த மற்ற காசுகள் போட்ட வடு.

ஆக, "புழங்காதது" என்பது ஒரு தகவல் மட்டும். தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. தரம் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். இதை யோசித்த பிறகுதான் அவனுக்குப் போன் போட்டு, "பிரிடா" என்றேன்.

சனிக்கிழமை நமக்கு ராத்திரி, அவர்களுக்குக் காலை. மேஜையில் மடித்த துண்டு விரித்து, ஒரே ஒரு குண்டு பல்பு போட்ட மேஜை விளக்கை வைத்து, அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். டியூப் லைட் கூடாது, அதன் பரந்த வெளிச்சத்தில் கீறல் ஒளிந்துகொள்ளும். காசை விளிம்பில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். பேசும்போது காசின் மேல் குனியக் கூடாது, எச்சில் தெறித்தால் பிறகு புள்ளியாகக் கறுக்கும். இதெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிரிக்கச் சொன்னேன். நாற்பது காசையும் எண்ணி வரிசையாக அடுக்கியது பேத்திதான். (மாணவன் மகள் எனக்குப் பேத்திதானே!)

எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய டப்பாவில் புதுக் காசு ஏதாவது இருந்தாலும் இது உதவும்.

முதலில், ரோல் நிஜமாகவே பழைய ரோல்தானா? காகிதம் பழையதாக இருப்பது சாட்சி ஆகாது. பழைய காகிதத்தில் யார் வேண்டுமானாலும் மறுபடி சுற்றலாம். முனையில் இரண்டு நல்ல காசை வைத்துவிட்டு உள்ளே தேய்ந்ததை நிரப்பி விற்பவர்கள் அங்கேயும் உண்டு. தக்காளிக் கூடையில் மேல் வரிசையை மட்டும் நன்றாக அடுக்குகிற அதே வித்தை. ஒரே மூட்டையிலிருந்து வந்த காசுகள் என்றால் ஒன்றுக்கொன்று ஜாடை இருக்கும். ஒளியும் நிறமும் ஒத்துப்போகும். ஒன்று மட்டும் பளபளவென்றும் பக்கத்தில் இருப்பது மங்கியும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இந்த ரோலில் நாற்பதும் 1950-டி. நாற்பதும் ஒரே ஜாடை. இரண்டு முனைக் காசும் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தன. முனை வழியாகக் காற்று பட்டிருக்கும், காகிதத்திலேயே கொஞ்சம் கந்தகமும் இருக்கும். இப்படி முனைக் காசு நிறம் மாறியிருப்பது ரோல் நெடுநாள் அப்படியே கிடந்ததற்கு ஓரளவு அடையாளம்.

இரண்டாவது, ஒளி. விளக்குக்குக் கீழே காசை மெதுவாகச் சாய்த்துத் திருப்பினால், வெளிச்சம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றி ஓடும். அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடியதன் நுண்ணிய கோடுகள்தான் அந்த ஒளியைத் தருகின்றன. ஒரு தடவை தேய்ந்தால் போனது போனதுதான், திரும்ப வராது. சக்கரம் எங்கேயும் அறுபடாமல் ஓடினால் அது புழங்காத காசு. ஜெபர்சனின் கன்ன எலும்பிலோ, தலைமுடியின் மேட்டிலோ, மறுபக்கம் மாளிகையின் முக்கோண முகப்பிலோ ஒளி அறுபட்டுச் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் அங்கே எதுவோ உரசியிருக்கிறது.

மூன்றாவது, அச்சு சரியாக விழுந்திருக்கிறதா? மான்டிசெல்லோ மாளிகையின் வாசலில் படிக்கட்டு இருக்கும். நல்ல காசில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஐந்து அல்லது ஆறு படிகள் தனித்தனியாக எண்ண வரும். அப்படி எண்ண முடிந்தால் அதற்குத் தனி மரியாதை, தனி விலை. பெரும்பாலான காசுகளில் படிகள் ஒன்றோடொன்று ஒட்டி வழவழவென்று இருக்கும். இங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்கள் தவறு செய்வார்கள். படி தெரியவில்லை என்றதும், "இது தேஞ்ச காசு" என்று தள்ளிவிடுவார்கள். தேய்ந்ததால் படி போகவில்லை, பிறக்கும்போதே படி விழவில்லை. அச்சு பழசாகியிருக்கும், அல்லது எந்திரம் போட்ட போடு போதாமல் போயிருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க வழி உண்டு. தேய்ந்த இடத்தில் ஒளி செத்திருக்கும். அச்சு விழாத இடத்தில் படி இல்லாவிட்டாலும் ஒளி உயிரோடு இருக்கும்.

நான்காவது, வடு. எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். தலைமுடிக்குள் நாலு கீறல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கன்னத்தில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அதுதான் முதலில் தெரியும். கடைசியாக, யாராவது காசைத் துடைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மூட்டை வடு ஒழுங்கில்லாமல் இருக்கும். துணியால் தேய்த்த கோடு ஒரே திசையில், மயிரிழையாக, கூட்டமாக ஓடும். புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கிற கையோடு காசையும் தேய்த்துவிட்டேன் என்று சொல்லும் அக்கா தங்கைகளே, தயவுசெய்து வேண்டாம். அழுக்கைப் போக்கலாம், போன ஒளியைத் திருப்ப முடியாது.

மூன்று மணி நேரம் ஆனது. நாற்பதில் முப்பது சாதாரணம், கன்னத்தில் குத்து வாங்கியவை. ஒரு முனைக் காசில் மடிப்பு எந்திரத்தின் வட்டக் கீறல். ஏழெட்டு நன்றாக இருந்தன. படி ஐந்தும் எண்ண முடிந்தது ஒன்றே ஒன்றில். அதைக் கண்டுபிடித்ததும் பேத்திதான். அப்பாவைவிட அவளுக்குக் கண் கூர்மை.

அப்போது அவள் கேட்டாள். "தாத்தா, இதுக்கு மார்க் போடுவாங்களாமே, 70-க்கு? யாரு போடுவாங்க? ஏன் 100-க்கு இல்ல?"

இந்தக் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் சென்ட் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1794-ஆம் ஆண்டு பெரிய சென்ட் காசின் விலையை வைத்து ஒரு கணக்குப் போட்டார். அடையாளம் மட்டும் தெரிகிற மட்டமான காசு 1 டாலர் என்றால், அதே காசு அப்பழுக்கில்லாமல் இருந்தால் 70 டாலர். ஆகவே தரத்துக்கு 1 முதல் 70 வரை எண். 60-க்கு மேல் எல்லாம் புழங்காத காசு. சந்தை விலை மாறியதும் கணக்கு செல்லாததாகிவிட்டது, ஆனால் எண் மட்டும் நிலைத்துவிட்டது. 1977-இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் தரக் கையேடு வெளியிட்டபோது புழங்காத காசுக்கு 60, 65, 70 என்று மூன்றே படிகள். பிறகு 63, 67 வந்தன. பிறகு 60 முதல் 70 வரை பதினோரு படியும் வந்துவிட்டது. 1986 முதல், காசை வாங்கிப் பார்த்து எண் போட்டு பிளாஸ்டிக் உறையில் முத்திரை வைத்துத் தரும் தனி நிறுவனங்கள் வந்தன. அங்கே அனுபவசாலிகள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒரு காசுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். சில காசுகளில் 64-க்கும் 65-க்கும் நடுவே விலை பல மடங்கு எகிறும். அதனால் உறையை உடைத்து, அதே காசை மறுபடி அனுப்பி, இன்னொரு எண் வாங்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியும் விடுகிறார்கள். காசு மாறவில்லை, பார்த்த கண் மாறியது.

ஷெல்டன் என்ற பெயரைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1978-இல் ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் பாடத்தில் நான் மனப்பாடம் செய்த பெயர் அது. உங்களில் ஆசிரியர் வேலைக்குப் போனவர்களுக்கும் நினைவிருக்கும். உருண்டு திரண்ட உடம்பு, தசை முறுக்கிய உடம்பு, ஒல்லி உடம்பு, மூன்றுக்கும் மூன்று வகைக் குணம் என்று ஒருவர் சொன்னாரே, அவரேதான் இவர். மனிதனின் உடம்பைப் படம் பிடித்து, ஒவ்வொரு வகைக்கும் 1 முதல் 7 வரை எண் போட்டார். இளங்குற்றவாளிகளைப் பற்றி, பாஸ்டன் நகரத்து இளைஞர்கள் 200 பேரை ஆராய்ந்து எழுதிய அவரது புத்தகமும் அதே 1949-இல்தான் வந்தது. உடம்பின் வாகைப் பார்த்தே இவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கொள்கை. காசுக்குப் போட்ட எண் நிலைத்தது. மனிதனுக்குப் போட்ட எண்ணை உளவியல் உலகம் பின்னாளில் ஒதுக்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் 1977-இல் இறந்த பிறகு ஒரு சங்கதி வெளியே வந்தது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில், தன்னிடம் இருந்த மட்டமான சென்ட் காசுகளை வைத்துவிட்டு, அங்கிருந்த நல்ல காசுகளை அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நூற்றுக்கும் மேல். பழைய புகைப்படங்களில் இருந்த வடுக்களை ஒப்பிட்டு எந்தக் காசு எது என்று அடையாளம் கண்டார்கள். கழகம் வழக்குப் போட வேண்டியிருந்தது. உலகத்துக்கே தரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர், தன்னைத் தரம் பார்க்க ஆள் வராது என்று நினைத்துவிட்டார். காட்டிக்கொடுத்தது காசின் முகத்தில் இருந்த வடு.

பேத்தியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "மனுசங்கதாம்மா போடுறாங்க" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை.

நானும் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் எண் போட்டவன்தானே. சிவப்பு மை பேனாவால்.

1989 என்று நினைவு. எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு, கணக்கு. அப்போதெல்லாம் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பது வழக்கம். ஒரு பையன் 34 வாங்கியிருந்தான். 35 இருந்தால் தேர்ச்சி. தலைமையாசிரியர் என்னிடம், "சார், ஒரு மார்க்தானே, மறுபடி பாருங்களேன்" என்றார். நான் பார்க்கவில்லை. "ஒரு மார்க்குன்னாலும் மார்க்தான் சார். இன்னொரு வருஷம் படிக்கட்டும், நல்லா வருவான்" என்றேன். கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் எடுத்திருந்த காலம். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டான் என்றார்கள். அப்போதுதான் கட்டைப் பிரித்து அவன் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். வட்டிக் கணக்கு ஒன்றில் வழிமுறை எல்லாம் சரி, கடைசிப் பெருக்கலில் தப்பு. படிக்குப் படி மதிப்பெண் போட்டிருந்தால் தாராளமாக இரண்டு மதிப்பெண் கிடைத்திருக்கும். நான் விடையை மட்டும் பார்த்து முட்டை போட்டிருந்தேன். அந்தத் தாளை மறுபடி கட்டில் வைத்துவிட்டேன். தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை. அவன் வீட்டுக்கும் போகவில்லை.

அந்த வருடம் எட்டாம் வகுப்பில் கணக்கில் மட்டும் பதினோரு பேர் தவறியிருந்தார்கள். பதினோரு பேருக்கும் மண்டையில் ஏறவில்லை என்றுதான் அன்று பதிவேட்டில் எழுதினேன். படி விழாத காசைப் பார்த்துத் தேய்ந்த காசு என்று சொல்லும் ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அச்சு நான்தானே.

அந்தப் பையன் இன்று சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்துவிட்டான். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் எனக்குப் பாயசம் போடச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே, "ஒரு மார்க்குல விட்டுட்டீங்களே சார்" என்றான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அவன் இந்தப் பதிவைப் படிப்பான் என்று தெரியும். என் பதிவுகளுக்கு முதலில் விருப்பக்குறி போடுகிறவர்களில் அவனும் ஒருவன்.

தம்பி, உனக்கு வர வேண்டியது 36. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. அதே வருடம் ஜூன் மாதமே எனக்குத் தெரியும். அன்றே உன் வீட்டு வாசலுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு காலம் கழித்து எல்லார் முன்னாலும் சொல்கிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது.

சரி, அமெரிக்க மாணவனுக்குச் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன், அவனைப் போலப் பலர் கேட்கக்கூடும். பிரிக்காத ரோலுக்குக் கொடுக்கிற கூடுதல் விலை, உள்ளே என்ன இருக்கும் என்ற ஆசைக்குக் கொடுக்கிற விலை. விற்பதற்காக வாங்கியிருந்தால் பிரிக்காமல் அந்த ஆசையை அடுத்தவருக்கு விற்கலாம். வைத்துக்கொள்ள வாங்கியிருந்தால் பிரித்துப் பார்ப்பதே மேல். பிரித்ததை மறைத்து மறுபடி சுற்றி "பிரிக்காதது" என்று விற்கக் கூடாது. கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது. சாதாரண மெத்து பிளாஸ்டிக் பையில் போட்டால் நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும், அதனால் நாணயத்துக்கென்றே விற்கும் உறையில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

நானூறு டாலர் திரும்பி வருமா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த ஐந்து படிக் காசைப் பேத்தி யாருக்கும் தர மாட்டாளாம். மற்றதில் ஒன்றை எனக்கு அனுப்பி வைக்கச் சொன்னேன். எது வேண்டும் என்று கேட்டாள். கன்னத்தில் வடு இருக்கிறதில் ஒன்று போதும் என்றேன்.

ஆசிரியர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அரையாண்டு விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும்போது, 33, 34 என்று நிற்கிற தாள்களைத் தனியே எடுத்து வைத்து, மறுநாள் காலையில், நல்ல வெளிச்சத்தில் இன்னொரு தடவை பாருங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

என் பதிவில் தகவல் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்